வீட்டில் செய்யும் மீன் உணவில் நார்ச்சத்து: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

மீன்தொட்டிக்கான உணவை வீட்டிலேயே அரைத்துச் செய்வோர் அதில் நார்ச்சத்தைச் சேர்க்கத் தொடங்குவது பெரும்பாலும் ஒரு சிக்கலைக் கண்ட பிறகுதான். மீனின் வயிறு உப்பியிருக்கும், அல்லது மலம் அறுந்து விழாமல் நீண்டு தொங்கும். நார் சேர்த்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடுவது உண்டு. ஆனால் உணவு நீரில் கரைவது, மீன் அதை வாயில் எடுத்துத் துப்புவது, தொட்டியின் அடியில் கழிவு குவிவது போன்ற வேறு சிக்கல்கள் அதன்பின் தோன்றுவதும் உண்டு. அறிகுறி ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, அதன் காரணம் நாரில் இருக்கிறதா, வேறெங்கேனும் இருக்கிறதா என்று கண்டறியும் முறையை இங்கே விளக்குகிறேன்.

நார் மீனுக்கு உணவாவதில்லை. செல்லுலோஸைச் சிதைத்துச் சத்தாக்கிக்கொள்ளும் திறன் பெரும்பாலான மீன்களுக்கு மிகக் குறைவு. மரத்தைச் சுரண்டித் தின்னும் பனாக் இனச் சக்கர் மீன்கள்கூட மரநாரைப் போதுமான அளவு செரிப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. நாரின் வேலை குடலுக்குள் பருமனைக் கூட்டுவதும், நீரைப் பிடித்து வைத்து மலத்தை மென்மையாக்கி நகர்த்துவதும் ஆகும். தவிடு, கீரைக்காம்பு, பட்டாணித் தோல் ஆகியவற்றில் உள்ள கரையாத நார் முதல் வேலையைச் செய்கிறது. இசப்கோல் உமி, ஓட்ஸ், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் ஆகியவற்றில் உள்ள, நீரில் குழையும் நார் இரண்டாவதைச் செய்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருந்தால் கீழே வரும் பிழைகளில் பாதிக்குக் காரணம் தானாகவே புலப்படும்.

உணவில் கைவைக்கும் முன் நீரைச் சோதித்துவிட வேண்டும். கழிவிலிருந்து உருவாகும் நச்சுப் பொருள்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்கின்றனவா, வெப்பநிலை அந்த மீனுக்கு உரிய அளவில் இருக்கிறதா என்று பார்க்கவும். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவதால், ஹீட்டர் பழுதாகி நீர் குளிர்ந்த தொட்டியில் செரிமானமும் மந்தமாகிவிடும். அந்நிலையில் எவ்வளவு நார் சேர்த்தாலும் பயனில்லை. செய்முறையை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி, ஒரு வாரமாவது கவனித்த பிறகே அடுத்த மாற்றத்துக்குப் போக வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலனளித்தது என்று ஒருபோதும் தெரியாது.

வயிறு உப்பியிருக்கிறது; மலம் தடித்து நீண்டு தொங்குகிறது; செதில்கள் உடலோடு படிந்தே இருக்கின்றன

நார் உண்மையிலேயே உதவக்கூடிய அறிகுறி இதுதான். ஆயினும் முதல் மருந்து பட்டினி. வளர்ந்த மீனுக்கு இரண்டு அல்லது மூன்று நாள் உணவை நிறுத்தினால் பெரும்பாலான மலச்சிக்கல் தானே விலகிவிடும். இது குஞ்சுகளுக்குப் பொருந்தாது. அவற்றின் உடலில் அத்தனை நாள் தாங்கும் இருப்பு கிடையாது. முட்டை நிறைந்த பெண் மீனின் வயிறும் இதேபோல் பருத்திருக்கும் என்பதால், மலம் இயல்பாக இருந்து மீன் சுறுசுறுப்பாகவும் இருந்தால் அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே நல்லது.

பட்டினிக்குப் பின் செய்முறையைத் திரும்பப் பார்க்கும்போது, நார் குறைந்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன் கொழுப்பு மிகுந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். மாட்டிதயம் போன்ற பாலூட்டி இறைச்சியை அடிப்படையாகக் கொண்ட செய்முறைகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி எழுகிறது. அத்தகைய கொழுப்பு சாதாரண அறை வெப்பத்திலேயே இறுகிப்போகும் தன்மையுடையது. மீனின் உடலும் ஏறத்தாழ அதே வெப்பத்தில்தான் இருக்கிறது. டிராஃபியஸ், எம்பூனா போன்ற தாவர உணவுச் சிக்லிட் மீன்களின் குடல் உடலைப் போலப் பல மடங்கு நீளமானது. பாசியைச் சுரண்டித் தின்று பழகிய அந்தக் குடலுக்குக் கொழுத்த இறைச்சியைத் தந்துவிட்டு, அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் பட்டாணியைச் சேர்ப்பது தவறான வழி. இறைச்சியை விலக்கிவிட்டு இறால், வெள்ளைச் சதை மீன், பாசி, கீரை ஆகியவற்றை வைத்துச் செய்முறையைப் புதிதாக அமைப்பதே சரி. உணவின் அளவும் அவ்வாறே. இரண்டு மூன்று நிமிடத்தில் மிச்சமின்றித் தின்று முடிக்கும் அளவைத் தாண்டி நாள்தோறும் இட்டுக்கொண்டிருந்தால், மிகச் சிறந்த செய்முறையும் வயிற்றை அடைத்துவிடும்.

கொழுப்பும் அளவும் சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால், நாரை மீனின் குடலுக்கேற்பத் தேர்ந்தெடுக்கவும். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. அதற்கும், மோலி, கப்பி போன்ற பாசி தின்னும் மீன்களுக்கும், வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியும் ஒரு கொதி விட்ட பசலைக்கீரையும் பொருத்தமானவை. ஃபைட்டர் மீனுக்குப் பட்டாணி கொடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தாலும் நான் அதை ஏற்பதில்லை. அது பூச்சிகளையும் சிறு நீருயிர்களையும் உண்ணும் மீன். அதன் குடல் குட்டையானது. மாவுச்சத்து மிகுந்த பட்டாணி அதற்கு இன்னொரு சுமை. அத்தகைய மீன்களுக்கு டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு, ஓட்டோடு அரைத்த சிறு இறால் ஆகியவற்றின் மேலோட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருள் நாரின் வேலையைச் செய்துவிடும். ஆஸ்கர் போன்ற பெரிய மீன்களுக்கும் ஓட்டோடு கூடிய இறால் இதே காரணத்துக்காக நன்மை தருகிறது.

நான்கு நாளுக்கு மேலும் மலம் வெளிவராமல் மீன் சோர்ந்திருந்தால், தனித் தொட்டியில் 20 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து அதில் விடலாம். இது மக்னீசியம் சல்ஃபேட். சமையல் உப்பு இதற்கு மாற்றாகாது.

செதில்கள் விறைத்து வெளியே நிற்கின்றன

மேலிருந்து பார்க்கையில் உடல் முழுதும் செதில்கள் சிலிர்த்து நிற்குமானால் அது மலச்சிக்கல் இல்லை. உடலுக்குள் நீர் கோத்திருப்பதன் அடையாளம் அது. சிறுநீரகப் பாதிப்பும் பாக்டீரியா தொற்றும் அதன் வழக்கமான பின்னணி. உணவு மாற்றத்தில் நேரத்தைச் செலவிடாமல் மீனைத் தனிமைப்படுத்திச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

மலம் வெள்ளையாக, கண்ணாடி இழைபோல மெலிந்து தொங்குகிறது

வெறும் குடலிலிருந்து சளிப்படலம் மட்டும் வெளிவரும்போது மலம் இப்படித் தெரியும். எனவே பட்டினி போட்ட நாள்களில் இதைக் கண்டால் அஞ்ச வேண்டியதில்லை. மீன் நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போதும் இப்படியே தொடர்ந்தால், அல்லது தின்றும் மெலிந்துகொண்டே போனால், குடல் ஒட்டுண்ணிகளை ஐயுற வேண்டும். ஆசனவாயில் சிவந்த நூல்முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கமலானஸ் புழுவாக இருக்கக்கூடும். இவை எதற்கும் நார் மருந்தாகாது. குடல் அழற்சியுற்ற மீனுக்குத் தவிடு போன்ற கரடான நாரைக் கூட்டுவது, புண்பட்ட இடத்தை மேலும் உராய்வதாகவே முடியும்.

உணவில் வெண்மையான பொருள் மிகுதியாக இருந்தாலும் மலம் வெளிறித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலத்தின் நிறம் பெரும்பாலும் உண்ட உணவின் நிறத்தையே காட்டுகிறது. கீரையோ, ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியோ சேர்த்த உணவுக்குப் பின் பச்சை நிறத்தில் மலம் வந்தால் குடல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

நார் சேர்த்த பிறகு மலம் குவிகிறது, வடிகட்டி அடைபடுகிறது, மீன் மெலிகிறது

இது நார் மிகையாகிவிட்டதன் அறிகுறி. இதில் தவறுவோர் அலட்சியத்தால் தவறுவதில்லை. ஈரமான கலவையின் எடையை வைத்துக் கணக்கிடுவதால் தவறுகிறார்கள். எனவே கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

பசலைக்கீரையில் நூற்றுக்கு 91 பங்கு நீர். 100 கிராம் கீரையில் நார் ஏறத்தாழ 2 கிராம்தான் என்றாலும், நீரை நீக்கியபின் எஞ்சும் 9 கிராமில் அது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. இறால் சதை 200 கிராமில் உலர்ந்த பொருள் சுமார் 40 கிராம்; அதில் நார் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்து அரைத்தால் உலர் எடை 49 கிராம், நார் 2 கிராமுக்குச் சற்று மேல். அதாவது நூற்றுக்கு 4 அல்லது 5. இது அனைத்துண்ணி மீன்களுக்கு நல்ல தொடக்கம். இதே கலவையில் 10 கிராம் கோதுமைத் தவிட்டைச் சேர்த்துவிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். தவிட்டில் நார் நூற்றுக்கு 40-க்கும் மேல். மொத்தம் 310 கிராம் கலவையில் 10 கிராம் என்பது கண்ணுக்கு ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். ஆனால் உலர் எடையில் நாரின் பங்கு 11 விழுக்காட்டுக்கு உயர்ந்துவிடுகிறது. இசப்கோல் உமியில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு நார் என்பதால், 5 கிராம் சேர்த்தாலே ஏறத்தாழ அதே விளைவு.

நார் இவ்வளவு கூடும்போது குடல் நிறைந்துவிடுகிறது, உணவு விரைந்து கடந்துவிடுகிறது, புரதத்தில் ஒரு பகுதி செரிக்கப்படாமலே வெளியேறுகிறது. அந்தப் புரதம் தொட்டியில் அழுகி அம்மோனியாவாக மாறி, கடைசியில் நைட்ரேட்டாகச் சேர்கிறது. மீன் நிறையத் தின்பதாகவே தோன்றும். ஆனால் தலைக்குப் பின்னால் உள்ள முதுகுச் சதை வற்றி, மேலிருந்து பார்க்கும்போது உடல் தலையைவிடக் குறுகித் தெரியும். இதைக் கண்டவுடன் தவிட்டையும் உமியையும் முற்றிலும் விலக்கிவிட்டு, கீரையோடு மட்டும் அடுத்த தொகுதியைச் செய்யவும்.

என் கணிப்பில், அனைத்துண்ணி மீன்களுக்கு உலர் எடையில் நூற்றுக்கு 5 முதல் 8 வரையும், பாசியுண்ணிகளுக்கு 10 வரையும் இருக்கலாம். ஊனுண்ணிகளுக்கு 2 அல்லது 3-க்கு மேல் தேவையில்லை. கடையில் விற்கும் உணவின் உறையில் அச்சிடப்பட்ட நார் அளவோடு இந்த எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது. உறையில் இருப்பது கச்சா நார்; அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்தபின் எஞ்சுவதை மட்டுமே அது கணக்கிடுகிறது. பெக்டின், பசைகள் போன்ற குழையும் நார்கள் அந்தச் சோதனையில் கரைந்து கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன. காய்கறி அட்டவணைகளில் காணும் மொத்த நார் எப்போதும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அரைத்த கலவையைக் கட்டியாக இறுகவைக்க ஜெலட்டினையோ அகரையோ சேர்ப்பது வழக்கம். நார் கணக்கில் எல்லோரும் மறக்கும் ஒன்று அந்த அகர். ஜெலட்டின் ஒரு புரதம். அகரோ மீனால் செரிக்க முடியாத கடற்பாசிச் சர்க்கரைத் தொடர், அதாவது தானே ஒரு நார். செய்முறையில் வேறெதையும் மாற்றாமல் ஜெலட்டினுக்குப் பதில் அகரைப் பயன்படுத்தியவுடன் மலம் கூடியதென்றால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கீரையின் அளவைச் சற்றுக் குறைத்தால் போதும்.

உணவு நீரில் விழுந்ததும் உதிர்கிறது, தொட்டி கலங்குகிறது

ஜெல் இறுகும்போது அது தொடர்ச்சியான வலையாக அமைய வேண்டும். பெரிய நார்த் துணுக்குகள் அந்த வலையை ஆங்காங்கே அறுத்துவிடுகின்றன. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அரைத்த பக்குவத்தை. கீரையின் தடித்த காம்பையும் பட்டாணித் தோலையும் நீக்கி, வேகவைத்த காய்களை விழுதாக அரைத்து, சந்தேகமிருந்தால் ஒரு சல்லடையில் தேய்த்து வடிக்கவும். தவிட்டைச் சேர்ப்பதானால் உலர்ந்த நிலையிலேயே மாவாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். ஈரக் கலவையில் அது அரைபடாது.

இரண்டாவது காரணம் நீர் மிகுதி. வேகவைத்த கீரையைப் பிழியாமல் சேர்த்தாலோ, சுக்கினி, வெள்ளரி போன்ற நீர்க்காய்களை நிறையப் போட்டாலோ, கட்டும் பொருளின் அளவு அந்த நீருக்குப் போதாமல் போகும். ஒவ்வொரு 100 மில்லி திரவ விழுதுக்கும் அகர் 1 முதல் 1.5 கிராம் வரை, ஜெலட்டின் 6 முதல் 8 கிராம் வரை தேவைப்படும். அகரை நீரில் நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அது முழுதும் கரையும். வெந்நீரில் கலக்கினால் மட்டும் போதாது. ஜெலட்டினை மாறாகக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பின் சூட்டில் கரைக்க வேண்டும். அதை நெடுநேரம் கொதிக்கவிட்டால் இறுகும் வலிமை குறைந்துவிடும்.

மூன்றாவது, வெப்பம். ஜெலட்டின் 30 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்குகிறது. எனவே 28 முதல் 30 பாகையில் வைக்கப்படும் டிஸ்கஸ் மீன் தொட்டியில் அது விரைவில் குழைந்துவிடும். அத்தகைய தொட்டிக்கு அகரே ஏற்றது. அகர் 40 பாகைக்குக் கீழே இறுகிவிட்டால் மீண்டும் உருக ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். ஜெலட்டின் கலவையில் பச்சைப் பப்பாளியையோ பச்சை அன்னாசியையோ நாருக்காகச் சேர்த்திருந்தால், அவற்றில் உள்ள புரதம் சிதைக்கும் நொதிகள் ஜெலட்டினை இறுகவே விடாது. வேகவைத்துச் சேர்த்தால் அந்த நொதிகள் செயலிழந்துவிடும்.

தின்றபின் மீன் மேலே மிதக்கிறது, அல்லது உணவே மிதக்கிறது

உணவு மிதப்பதற்குக் காரணம் மிக்ஸியில் வேகமாக அடித்தபோது கலவைக்குள் புகுந்த காற்று. விழுது தயாரானதும் சற்று நேரம் அசையாமல் வைத்து, தட்டில் ஊற்றியபின் தட்டை மேசையில் மெல்லத் தட்டினால் குமிழ்கள் வெளியேறும். மிதக்கும் உணவைத் தின்னும் தங்கமீன் அதோடு காற்றையும் விழுங்குகிறது என்பதால், இதைச் சரிசெய்வது மீன் மிதப்பதையும் ஓரளவு தீர்க்கும்.

மீன் மட்டும் மிதந்தால் இசப்கோல் உமியைக் கவனிக்கவும். அது தன் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நீரை உறிஞ்சிப் பருக்கக்கூடியது. உலர்ந்த உமியைக் கடைசியில் தூவிக் கலந்து உடனே உறையவைத்தால், அது முழுதாக ஊறாமலேயே கட்டியில் சிக்கிக்கொண்டு மீனின் குடலுக்குள் போய்ப் பருக்கும். உமியைச் சேர்ப்பதானால் அரைமணி நேரமாவது தனியாக நீரில் ஊறவைத்து, கொழகொழவென்று ஆனபின் அந்தக் குழம்பையே கலவையில் சேர்க்க வேண்டும். உடலில் 5 சென்டிமீட்டரைத் தாண்டாத சிறு மீன்களுக்கு உமியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பட்டாணியும் கீரையும் டாஃப்னியாவும் இருக்கையில் இத்தனை வலுவான பொருளுக்கு அங்கே தேவை எழுவதில்லை.

மீன் வாயில் எடுத்துத் துப்புகிறது

துண்டின் அளவு வாய்க்குப் பெரிதாக இருக்கலாம், நார் கரடாக இருக்கலாம், அல்லது வழுவழுப்பு மிகுந்திருக்கலாம். துண்டைச் சிறிதாக்கியும் துப்பினால் நார்ப்பொருளைப் பாதியாகக் குறைத்து, இறாலை வேகவைத்த நீரைக் கலவையில் சேர்க்கவும்; அதன் மணம் மீனை ஈர்க்கும். பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, இரண்டு வாரத்தில் மாற்றி முடிப்பதே பாதுகாப்பு. சக்கர் மீன்களைப் பொறுத்தவரை இதில் அவசரப்படவே கூடாது. அவை இரவில் வந்து சுரண்டும் வழக்கமுடையவை என்பதால் பகலில் தொடாமல் விட்டதை மறுப்பாக எண்ணிவிடக் கூடாது.

மலத்தில் பச்சைத் துணுக்குகள் அப்படியே வருகின்றன

சிறிதளவு வருவது இயல்பு. நார் என்பதன் பொருளே அதுதான். துணுக்குகள் பெரிதாகவும் நிறையவும் இருந்தால் இன்னும் வேகவைத்து நுண்ணிதாக அரைக்கவும். பட்டாணி போன்ற பருப்பினப் பொருள்களைப் பச்சையாக அரைத்துச் சேர்ப்பது இன்னொரு வகையிலும் தவறு: புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அவற்றில் உள்ளன, வேகவைத்தால்தான் அவை அழியும்.

எல்லாம் சரியாக இருந்தும் சில மாதங்களில் நிறம் மங்குகிறது, வளர்ச்சி தேங்குகிறது

தவிட்டில் உள்ள ஃபைட்டேட் துத்தநாகம் போன்ற தாதுக்களைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்கிறது. பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை அவ்வாறே பிணைக்கிறது. ஒரே நார்ப்பொருளை ஆண்டு முழுதும் பயன்படுத்தாமல், ஒவ்வொரு தொகுதிக்கும் கீரை, பட்டாணி, உலர்ந்த கடற்பாசி என்று மாற்றி மாற்றிச் சேர்த்தால் இந்த இழப்பு பெரிதாகாது. ஸ்பைருலினா நிறத்துக்கும் புரதத்துக்கும் நல்லது. ஆனால் அதில் நார் நூற்றுக்கு 4-க்கும் குறைவு என்பதால் அதை நாராகக் கணக்கிட முடியாது.

கொதிக்கும் கலவையில் வைட்டமின் பொடியைச் சேர்ப்பது இன்னொரு பொதுவான பிழை. வைட்டமின் சி வெப்பத்தில் அழிந்துவிடும். அதன் குறைபாடு நீடித்தால் வளரும் மீனின் முதுகெலும்பு வளைந்துபோகும். ஜெலட்டினானால் கலவை கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின்னும், அகரானால் அது இறுகத் தொடங்குவதற்குச் சற்று முன்னும் வைட்டமினைச் சேர்த்து விரைந்து கலக்கிவிட வேண்டும். பச்சை மீன் சதையை அடிப்படையாக வைப்போர் அதை முதலில் வேகவைப்பது நல்லது. பல மீன்களின் பச்சைச் சதையில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது.

தயாரான உணவை மெல்லிய தகடாக உறையவைத்து, ஒரு வேளைக்குரிய துண்டுகளாக வெட்டி, காற்றுப் புகாத பையில் −18 பாகையில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் பயன்படுத்தலாம். ஜெலட்டினும் அகரும் உறைந்து இளகும்போது நீரைச் சற்றுக் கசியவிடும் என்பதால், ஒருமுறை இளகிய துண்டை மீண்டும் உறையவைக்காமல் அன்றே இட்டுவிட வேண்டும். பையின் மேல் செய்த தேதியையும் அந்தத் தொகுதியில் எந்த நார்ப்பொருள் எத்தனை கிராம் சேர்ந்தது என்பதையும் எழுதி ஒட்டிவைத்தால், அடுத்த அறிகுறி தோன்றும்போது தேட வேண்டிய இடம் உடனே தெரியும்.